காரில் கருகல் வாடையா? முதலில் நிறுத்துங்கள், பிறகு மூக்கைக் கேளுங்கள்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரிங்லெட்டைத் தாண்டித் தாப்பா நோக்கி இறங்கும் வளைவுகளில் அப்பாதான் ஓட்டினார். பழைய மேனுவல் கார். பின்னிருக்கையில் அம்மாவும், அக்காவும், அக்காவின் கைக்குழந்தையும்.

“ஏங்க, ஏதோ தீயுற வாடை வருதுங்க” என்றார் அம்மா.

“முன்னால போற லோரி வாடை அது” என்றார் அப்பா. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். அவர் சொன்னால் நாங்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பத்து நிமிடம் கழித்து அம்மா மறுபடியும் சொன்னார். அப்போது எங்களுக்கு முன்னால் லோரி எதுவும் இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவி அருகே காரை ஓரம் கட்டும்போதுதான், பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியதை அவர் சொன்னார். இடப்பக்க முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்தது. இன்னும் நான்கைந்து வளைவுகள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

காரில் வரும் கருகல் வாடையை நம்மில் பலர் அப்படித்தான் கடந்துபோகிறோம். “வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள்”, “பழைய வண்டி என்றால் அப்படித்தான்” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் காரில் காரணமில்லாமல் எதுவும் கருகுவதில்லை. ஒவ்வொரு பாகமும் தனக்கென்று ஒரு வாடையோடுதான் கருகுகிறது. அதை அடையாளம் காணத் தெரிந்தால் உயிரையும் காக்கலாம், பட்டறையில் வீண் செலவையும் தவிர்க்கலாம்.

வாடை வந்தவுடன் என்ன செய்வது?

வாடை வெளியிலிருந்து வருகிறதா, நம் காரிலிருந்தா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஏர்கோனை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். வெளி வாடை என்றால் சிறிது தூரம் போனதும் மறைந்துவிடும். நம் காரின் வாடை கூடவே வரும். அம்மா இரண்டாவது முறை சொன்னதன் பொருள் அதுதான்.

வாடை தொடர்ந்தாலோ, புகை தெரிந்தாலோ, இடப்பக்கச் சமிக்ஞை போட்டு அவசரத் தடத்திலோ பாதுகாப்பான ஓரத்திலோ நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் காருக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பது, கருகும் காருக்குள் இருப்பதைப் போலவே ஆபத்தானது.

போனட்டின் இடுக்கு வழியாகப் புகை வந்தால் அதைத் திறக்காதீர்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தீக்குக் காற்று கிடைத்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். தீ என்று தெரிந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. பைகளையும் பத்திரங்களையும் எடுக்க மீண்டும் காருக்குள் போக வேண்டாம். ஒரு கிலோ எடையுள்ள உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைக் காரில் வைத்திருப்பது நல்லது. ஆனால் அது தொடக்கத் தீயை அடக்க மட்டுமே. கார் முழுக்கப் பற்றிக்கொண்டால் விலகி நிற்பதுதான் அறிவு.

எந்த வாடை, எந்தக் கோளாறு?

தமிழில் மணம், வாசனை, வாடை, நெடி, நாற்றம் என்று மூக்குக்கான சொற்கள் ஏராளம். பட்டறைக்குப் போனால் மட்டும் “ஏதோ நாறுது” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த ஒரு வரியை வைத்து மெக்கானிக் எதை வேண்டுமானாலும் கழற்றலாம். வாடையைப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

டயர் எரிவது போன்ற வாடை: எஞ்சினின் முன்புறம் சுழலும் பெல்ட்டை முதலில் பாருங்கள். பெல்ட் தளர்ந்துவிட்டாலோ, அது சுழற்றும் ஏர்கோன் கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர் போன்றவை இறுகிவிட்டாலோ, ரப்பர் வழுக்கித் தேய்ந்து சூடாகும். ‘கீச்’ என்ற சத்தம் கூடவே வரும். நம் ஊர் வெயிலில் ஏர்கோன் ஓய்வதே இல்லை. ஏர்கோனைப் போட்டதும் சத்தமும் வாடையும் கூடினால் கம்ப்ரசரின் பக்கம் சந்தேகப்படலாம். பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், தொடர்ந்து ஓட்ட வேண்டாம். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்ப்பையும் சுழற்றுகிறது. பெல்ட்டை மட்டும் மாற்றுவது சிறிய செலவு. ஆனால் இறுகிய பாகத்தைக் கவனிக்காமல் பெல்ட்டை மாற்றினால், புதுப் பெல்ட்டும் விரைவில் கருகும். சுமை ஏற்றிய காரில் டயர் உள்மட்கார்டில் உரசினாலும் இதே வாடை வரும்.

காரமான, மூக்கை அரிக்கும் நெடி, சக்கரத்தின் பக்கமிருந்து: இது பிரேக். கைபிரேக்கை முழுமையாக இறக்காமல் ஓட்டினாலும் வரும், மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தாலும் வரும். சமதரையில் ஓட்டும்போதும் வந்தால், ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடுபடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது என்று பொருள். கார் ஒரு பக்கம் இழுக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடக் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனலாக அடித்தால் கோளாறு அங்கேதான். பெரும்பாலும் கேலிப்பர் நகரும் பின் துருவேறி இறுகியிருக்கும், அல்லது அதன் பிஸ்டன் சிக்கியிருக்கும். பின்னைத் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் இட்டு, தேய்ந்த பிரேக் பேட்டை மாற்றினால் பல நேரங்களில் போதும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் வட்டு வளையலாம், வெடிப்பும் விழலாம்.

காகிதம் தீய்வது போன்ற வாடை, மேனுவல் காரில்: இது கிளட்ச். நெரிசலில் அரைக் கிளட்ச்சில் ஊர்வது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே காரை நிறுத்திவைப்பது, மிதி மேலேயே காலை வைத்து ஓட்டுவது, இந்த மூன்றும்தான் கிளட்ச்சைத் தின்னும் பழக்கங்கள். ஒரு முறை வந்து ஓய்ந்துவிட்டால் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும். மேட்டில் எண்ணெய் மிதியை அழுத்தும்போது எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

சட்டியில் எண்ணெய் தீய்வது போன்ற வாடை: எஞ்சின் எண்ணெய், நம் பேச்சுவழக்கில் ‘மின்யாக் ஈத்தாம்’, எங்கோ கசிந்து சூடான எக்ஸாஸ்ட் குழாய் மீது சொட்டுகிறது. பழைய கார்களில் பெரும்பாலும் எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலுள்ள கேஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கும். காரை நிறுத்திய பிறகுதான் இந்த வாடை அதிகம் தெரியும். இரவில் காருக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்புக் கறை விழுந்திருந்தால், அது எந்த இடத்துக்கு நேர் கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவுக்கோலை எடுத்து எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். எண்ணெய் மாற்றிய மறுநாள் மட்டும் வாடை வந்தால், ஊற்றும்போது சிந்தியதாக இருக்கலாம், ஓரிரு பயணத்தில் போய்விடும். போகவில்லை என்றால் வடிகட்டியும் அடித்திருகும் சரியாக இறுக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெல்லப்பாகு காய்வது போன்ற இனிப்பு வாடை: இது கூலன்ட். ரேடியேட்டரிலோ, அதன் ரப்பர்க் குழாயிலோ, தண்ணீர்ப் பம்ப்பிலோ கசிவு இருக்கிறது. வெப்பமானி ஏறினால் உடனே நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து, கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். முழுமையாக ஆறும்வரை காத்திருங்கள். ‘தண்ணீர்தானே’ என்று குழாய்த் தண்ணீரை மட்டுமே ஊற்றி ஓட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவசரத்துக்கு அது சரி. ஆனால் நாளடைவில் உள்ளே துரு பிடித்து, ரேடியேட்டரே அடைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக், வயர் உருகும் நெடி: எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது இதுதான். மற்ற வாடைகள் பெரும்பாலும் தேய்மானத்தின் அடையாளம். இது தீயின் முன்னறிவிப்பு. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். புகை இல்லை, போனட்டைத் திறப்பது பாதுகாப்பானது என்றால் மட்டும் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். பல கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே கூடுதலாகப் பொருத்தியவைதான்: பெரிய ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு, கேமரா. பழைய வயரில் ஒட்டுப் போட்டு இழுத்திருப்பார்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகுபவர்களும் உண்டு. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் தாங்கும் அளவைத் தாண்டி மின்சாரம் பாயும்போது, வயர் எரிவதற்கு முன் பியூஸ் தான் எரிந்து தொடர்பை அறுக்கிறது. பெரிய பியூஸ் போட்டால் அது எரியாது. அதற்குப் பதிலாக வயர்தான் எரியும், அதுவும் டேஷ்போர்டுக்குள், கண்ணுக்குத் தெரியாமல்.

தோட்டப்புறங்களில் இன்னொரு காரணமும் உண்டு: எலி. செம்பனைத் தோட்டத்துக்கு அருகில் நிறுத்தும் கார்களின் எஞ்சின் அறையில் எலி ஏறி வயரைக் கடிக்கும், காய்ந்த புல்லையும் சருகையும் கொண்டுவந்து கூடும் கட்டும். அந்தச் சருகு எக்ஸாஸ்ட் சூட்டில் கருகினாலும் வாடை வரும். வாரம் ஒரு முறையாவது போனட்டைத் திறந்து பாருங்கள். காய்ந்த லாலான் புல், உலர்ந்த மட்டை மேல் காரை நிறுத்துவதையும் தவிருங்கள். ஓடி நின்ற காரின் அடியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும்.

அழுகிய முட்டை வாடை: எக்ஸாஸ்ட் பக்கமிருந்து வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அல்லது எரிபொருள் கலவைக் கோளாறு. போனட் பக்கமிருந்து வந்து, பேட்டரி சூடாகவும் உப்பியும் இருந்தால், அளவுக்கு மீறி மின்னேற்றம் ஆகிறது. அருகில் நெருப்பு, சிகரெட் கூடாது. அந்தப் பேட்டரியோடு காரை மறுபடி கிளப்ப வேண்டாம்.

பெட்ரோல் வாடை: கருகல் வாடை அல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கும் காரைக் கிளப்பவே வேண்டாம். இழுவை வண்டியை அழையுங்கள்.

மலையிறக்கம்: பிரேக் ஏன் கருகுகிறது?

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆட்களும் பைகளுமாகச் சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், 60 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்றும், டயர்களின் உருளலும், எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் வாங்குபவை உள்ளங்கை அளவுள்ள சில பிரேக் பேட்டுகள்தான்.

அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கும் ஏறுகிறது. டோட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் சேர்ந்தபின் அதே எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பதைத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் மிதித்த கால் ஆழமாக இறங்குகிறது, சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேர்வதில்லை. அப்பாவின் காலுக்குத் தெரிந்தது அதுதான். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதன் காரணமும் அதுதான்.

கேமரன், கெந்திங் போன்ற மலைச்சாலைகளில் ‘குனாக்கான் கியர் ரெண்டா’ என்று அறிவிப்புப் பலகை வைத்திருப்பது அழகுக்கு அல்ல. மேனுவல் காரில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்குங்கள். ஆட்டோ காரில் ‘டி’யிலேயே விடாமல், ‘2’, ‘எல்’, ‘எஸ்’, ‘பி’ என்று உங்கள் காரில் உள்ள தாழ்கியருக்கு மாற்றுங்கள். இங்கே ‘பி’ என்பது எஞ்சின் பிரேக்கைக் குறிக்கும் ‘B’, காரை நிறுத்திவைக்கும் ‘P’ அல்ல. எனவே கையேட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள். எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். இரைச்சல் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள். மெலிதாக விடாமல் மிதித்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைக் கருக்கும்.

நெடி வந்துவிட்டால் விரிந்த, சமமான இடத்தில் நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கைபிரேக்கை இழுக்காமல், மேனுவல் என்றால் முதல் கியரிலும் ஆட்டோ என்றால் நிறுத்தக் கியரிலும் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்கள். ஆறியபின்னும் மிதி மெத்தென்று இருந்தால் ஓட்ட வேண்டாம்.

பட்டறையில் என்ன சொல்வது?

வீடு திரும்பிய பிறகும் சமதரையில் வாடை விடவில்லை. அப்பா பட்டணத்தில் ஒரு பட்டறைக்குப் போய், “ஏதோ தீயுற வாடை” என்றார். காரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளட்ச் போய்விட்டது என்றார்கள். 800 ரிங்கிட் சொன்னார்கள். அப்பா ஓய்வுபெற்றவர். அந்தப் பணம் அவருக்குச் சிறிய தொகை அல்ல. நல்லவேளையாக, யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டார்.

இரண்டாவதாகப் போன சிறிய பட்டறையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்விகள் கேட்டார்கள். வாடை எப்போது வருகிறது? எந்தப் பக்கமிருந்து? மேட்டில் கார் இழுக்கிறதா? மேட்டில் நன்றாக ஏறுகிறது என்றதும் கிளட்ச் இல்லை என்று தெரிந்துவிட்டது. சிறிது தூரம் ஓட்டி வந்து சக்கரங்களின் அருகில் கை வைத்துப் பார்த்தபோது, இடப்பக்க முன் சக்கரம் மட்டும் அனல். கேலிப்பர் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. மலையில் அப்பா மிதித்தது பாதி, தானே கவ்விக்கொண்டது பாதி. சுத்தம் செய்து, பேட் மாற்றி, பிரேக் எண்ணெயும் மாற்றி 180 ரிங்கிட்டில் வேலை முடிந்தது.

ஆகவே பட்டறைக்குப் போகுமுன் நான்கு விடயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது: கிளப்பியதுமா, ஓடும்போதா, நிறுத்திய பிறகா, மேட்டிலா, இறக்கத்திலா? எங்கே: முன்னா, பின்னா, உள்ளேயா, எந்தச் சக்கரம்? எப்படி: ரப்பரா, எண்ணெயா, இனிப்பா, பிளாஸ்டிக்கா? கூடவே என்ன: சத்தம், புகை, எச்சரிக்கை விளக்கு, ஒரு பக்கம் இழுப்பது, அண்மையில் செய்த பழுதுவேலை?

வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் விலையை எழுத்தில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இதில் கூச்சம் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாத பட்டறை மீது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்த மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது இருக்க வேண்டும்.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நம் குடும்பங்கள் நெடுந்தூரம் போகின்றன. புறப்படுவதற்கு முதல்நாள், எஞ்சின் ஆறியிருக்கும்போது, எண்ணெய் மட்டம், கூலன்ட் மட்டம், பெல்ட், காருக்கு அடியில் கறை ஆகியவற்றைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்கும். ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கும் அதற்குப் பழகிவிடும். அன்று எங்கள் காரில் அதை முதலில் கண்டுபிடித்தவர் வாழ்நாளில் ஒரு முறைகூட ஸ்டியரிங்கைப் பிடிக்காத அம்மா. இப்போதெல்லாம் அவர் “ஏங்க…” என்று தொடங்கினாலே, அப்பா சமிக்ஞை போட்டுவிடுகிறார்.